இலவசம் என்பதும் உரிமம் என்பதும்



எங்கள் பள்ளி நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டப் பள்ளி. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குடும்பங்கள் பல சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பெயர்ந்துவிட்டன. முதலாம் ஆண்டு மாணவர்கள் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பழகுவதற்கென முன்னாள் மாணவர் ஒருவர் சிறு மென்பொருள் ஒன்றை எழுதித் தந்தார். அதை விரலியில் பதிந்து 15 வெள்ளிக்கு விற்று, கிடைக்கும் பணத்தைப் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்தது.

"இதில் நீ எழுதியது எவ்வளவு, தம்பி?" என்று கேட்டேன். "இருநூறு வரி இருக்கும் ஐயா. மற்றவையெல்லாம் பிறர் ஆக்கிய பாகங்கள்" என்றார். விற்பதற்கு முன் அந்தப் பிறரின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டாமா?

மென்பொருள் எதுவும் தனித்து நிற்பதில்லை. நம்மில் பலர் தமிழில் தட்டச்சத் தொடங்கியது எ-கலப்பையில். அது இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அதன் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்னும் தனியுரிமை மென்பொருளின் மேல் அமைந்தவை. 2015இல் எஸ்.ஐ.எல். நிறுவனம் கீமேனை ஏற்ற பிறகே அது திறமூலமாயிற்று. நாம் இலவசமாகப் பயன்படுத்தியதன் அடியில் வேறொருவரின் உரிமை இருந்ததை எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

ஆகவே இருவரும் ஒரு மாலை அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பைத்தான் பாகங்களின் பெயரையும் உரிமத்தையும் பட்டியலிட 'பிப்-லைசென்செஸ்' என்னும் சிறு கருவி உண்டு. முதலில் வந்தது ஓப்பன்-தமிழ். 'அம்மா' என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியிலோ ஐந்து குறிகள். அந்த ஐந்தை மூன்றாக்கித் தருவது இந்த நூலகமே. அதன் எம்.ஐ.டி. உரிமம் கேட்பது, பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் வைக்க வேண்டும் என்பது மட்டுமே. விற்கத் தடையில்லை.

அடுத்து, திரையில் பொத்தான்களையும் சாளரங்களையும் காட்டும் பைக்யூட்டி. இதற்குப் பணம் கட்டி உரிமம் வாங்கலாம், இல்லையெனில் ஜி.பி.எல். உரிமத்தை ஏற்க வேண்டும். ஜி.பி.எல். விற்பனையைத் தடுப்பதில்லை. ஆனால் வாங்குபவர் கேட்டால் நம் மூலநிரலையும் தந்தாக வேண்டும். அவர் அதைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். ரெம்பாவ், கோலப்பிலா பக்கத்து மலாய் நண்பர்கள் இதைச் சட்டெனப் புரிந்துகொள்வர். அங்கே அடாட் நிலத்தின் பட்டாவிலேயே அது வழக்க நிலம் என்ற குறிப்பு இருக்கும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் செய்த ஏற்பாடு அது. நிலம் யார் கைக்குப் போனாலும் நிபந்தனையும் கூடவே போகும். ஒரு வேறுபாடு: அங்கே நிலம் குலத்துக்குள் நிற்கிறது, இங்கே நிரல் எல்லாருக்கும் திறந்து நிற்கிறது.

"ஒருவர் வாங்கி ஒன்பது பேருக்குக் கொடுத்துவிட்டால்?" என்று சங்கப் பொருளாளர் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். எல்.ஜி.பி.எல். உரிமமுள்ள பைசைடுக்கு மாறினால் நம் வரிகளை மூடியே வைக்கலாம் என்றார் தம்பி. நான் வேண்டாம் என்றேன். நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; ஒன்பது பள்ளிகளுக்குப் போனால் போகட்டுமே.

உண்மையான சிக்கல், அந்தக் கருவியின் கண்ணில் படாதவற்றில் இருந்தது. எழுத்துரு லதா. அது விண்டோசுடன் வருவது. கோப்பை எடுத்து நாம் விநியோகிக்க இயலாது. அதனிடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்தோம், அதன் ஓ.எஃப்.எல். உரிமம் எழுத்துருவைத் தனியே விற்கத்தான் தடை செய்கிறது, மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். படங்களில் பதினெட்டு, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொண்டவை. "நல்ல காரியந்தானே" என்றனர் சிலர். பணம் திரட்டத்தானே விற்கிறோம்? பதினெட்டையும் நீக்கினோம்.

என்னை வருத்தியது சொற்பட்டியல். ஒரு தனிமனிதரின் இணையப்பக்கத்திலிருந்து எடுத்தது, அருமையான தொகுப்பு. உரிமம் என்று ஒரு வரிகூட இல்லை. நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்யாமலே உரிமை உண்டு. எனவே எழுதாமல் விட்டது அனுமதி ஆகாது. இரு முறை மடல் எழுதினேன். பதில் இல்லை. தமிழுக்கு உழைக்கும் அன்பர்கள் அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதால் எத்தனை நல்ல உழைப்பு முடங்கிக் கிடக்கிறது! நாங்கள் மூன்று ஆசிரியர்கள் இரண்டு வாரம் உட்கார்ந்து 400 சொற்களைப் புதிதாகத் தொகுத்தோம்.

படங்களை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வரைந்தனர். வரைந்த பிள்ளைக்கே அதன் பதிப்புரிமை என்பதால் பெற்றோரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றோம். "பிள்ளை கிறுக்கினதுக்கெல்லாமா கையெழுத்து, வாத்தியாரையா?" என்று ஒரு பாட்டி கேட்டார். பால்வாளி வரைந்தது அவருடைய பேத்தி. வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, படத்தின் கீழ்ப் பேத்தியின் பெயர் வருமா என்று விசாரித்து, வரும் என்றதும் கையெழுத்திட்டார்.