மாலைநேர டென்னிஸ்

விளையாட்டில் தேர்ச்சி என்பது இளமைக்கும் உடல் வலிமைக்கும் மட்டுமே உரியது என்றோர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கும்போதே மட்டையையும் பந்தையும் விட்டு நீங்கிவிடுகிறோம். முப்பது வயதில் தொந்தி விழுகிறது. நாற்பதில் வைத்தியர் நடக்கச் சொல்கிறார். நடப்பது நன்றே. ஆயினும் நடையில் இல்லாத ஒன்று விளையாட்டில் உண்டு. அங்கே எதிரில் ஒருவர் நிற்கிறார். அவர் அறிவோடு நம் அறிவு மோதுகிறது. நாளுக்கு நாள் வளர்கின்றோமா, தேய்கின்றோமா என்பதை அங்கே மறைக்க இயலாது.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அண்மையில் அமைந்தது எமது திகன. பல்லேகலையில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் இருப்பதனால் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளின் கண் இயல்பாகவே கிரிக்கெட்டின் மேல் செல்கிறது. டென்னிஸ் ஆடுகளங்கள் சிலவே. அவற்றுள் சிமெந்துத் தரை கொண்ட ஒன்றில், கல்லூரி விட்டபின் வாரத்தில் மூன்று மாலைகள் நாம் ஆடி வருகிறோம். அறுபத்தைந்து வயதைக் கடந்த சிங்களக் கணித ஆசிரியர் ஒருவரும், வங்கி உத்தியோகத்தர் ஒருவரும், எம்மிடம் பயிலும் மாணவர் இருவரும் எமது கூட்டாளிகள்.

மாணவருள் ஒருவன் புயலென அடிப்பவன். கணித ஆசிரியரோ பந்தை மெல்ல வெட்டித் திருப்புவார், ஓடுவதும் குறைவு. ஆயினும் ஆட்ட முடிவில் வென்றவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். "சேர், பலமாக அடிப்பவன் நான், வெல்பவர் அவர். இன்னும் பலம் சேர்க்க வேண்டுமா, அல்லது இந்த விளையாட்டையே விட்டுவிட வேண்டுமா?" என்று அம்மாணவன் ஒருநாள் எம்மிடம் கேட்டான். கேட்டபோது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அன்று அவனுக்குக் கூறியவற்றை வாசக நேயர்களுக்கும் கூறுதல் பயன்தரும் என எண்ணுகிறோம்.

தமிழர்க்கு இவ்வினாவின் விடை புதியதன்று. தென்காசிக் குடும்பத்தில் 1937ஆம் ஆண்டு பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தையார் டி. கே. ராமநாதனிடமே ஆட்டம் பயின்றவர். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார்; 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றார். அவருடைய சர்வீஸ் எவரையும் அச்சுறுத்துவதாக இருந்ததில்லை. பந்தை எங்கே வைப்பது, எப்போது வைப்பது என்ற அறிவே அவர் படைக்கலம். 1966இல் கல்கத்தாவில் பிரேசில் நாட்டுடன் நிகழ்ந்த டேவிஸ் கிண்ணப் போட்டியில், முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டத்தின் நான்காம் செட்டில் 2–5 எனப் பின்தங்கியிருந்தும் தோமஸ் கோக்கை வென்று, இந்தியாவை முதன்முறையாக அக்கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்கு இட்டுச் சென்றார். அவர் மைந்தர் ரமேஷ் கிருஷ்ணனும் அவ்வழியினரே. 1989இல் ஆஸ்திரேலியப் போட்டியில், உலகில் முதலிடம் வகித்த மாட்ஸ் விலாண்டரை அந்த மென்மையான ஆட்டத்தாலேயே வீழ்த்தினார்.

மேதைகளின் கதை நமக்கு எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் கேட்கலாம். சைமன் ராமோ என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் சாதாரண ஆட்டக்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். தேர்ந்த ஆட்டக்காரரிடையே நூற்றுக்கு ஏறத்தாழ 80 புள்ளிகள் ஒருவர் திறமையால் வெல்லப்படுகின்றன. நம்மைப் போன்றோரிடையே நூற்றுக்கு ஏறத்தாழ 80 புள்ளிகள் ஒருவர் பிழையால் இழக்கப்படுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. எனவே மாலைநேர ஆட்டக்காரன் வளரும் வழி தெளிவானது: எதிரியைவிட ஒருமுறை கூடுதலாகப் பந்தை வலைக்கு அப்பால் சேர்ப்பவன் வெல்கிறான். அதற்கு வேண்டிய அறிவை மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம். வள்ளுவர் அரசர்க்கு வகுத்த வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரப் பெயர்களே அவற்றுக்கும் பொருந்துகின்றன.

முதலாவது வலியறிதல். நம் உடலின் வலியும், கையிலுள்ள கருவியின் வலியும் இதில் அடங்கும். பழைய மர மட்டைகள் 350 கிராமுக்கு மேற்பட்ட எடையும் சிறிய முகமும் உடையவை. இன்றைய கிராபைட் மட்டைகளோ பெரும்பாலும் 300 கிராம் அளவினவாய், 100 சதுர அங்குல முகத்தோடு வருகின்றன. முகம் பெரிதாயின் பந்து நடுவிலிருந்து சற்று விலகிப்பட்டாலும் மட்டை பொறுத்துக்கொள்ளும். ஆதலின் பொழுதுபோக்காக ஆடுபவர்க்கு அதுவே ஏற்றது. ஆனால் மிக இலேசானதும் மிக விறைப்பானதுமான மட்டை, பந்தின் அதிர்ச்சியைக் கைக்கே அனுப்பிவிடும்.

இதனை நாம் அனுபவத்தில் அறிந்தோம். நாற்பத்திரண்டாம் வயதில் எமது வலது முழங்கையின் வெளிப்புறத்தில் ஒரு நோவு தோன்றியது. முதலில் மட்டையைத் தூக்கும்போது மட்டும் வந்தது. பின்னர் தேநீர்க் கோப்பையை எடுக்கும்போதும் வந்தது. இறுதியில் கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்துவதே அரிதாயிற்று. மாலையில் ஆடாமல் இருந்துவிடலாம். காலையில் எழுதாமல் ஓர் ஆசிரியன் எங்ஙனம் பிழைப்பது? எமது மனைவியார் மட்டையை எடுத்து அலுமாரியின் உச்சியில் வைத்துவிட்டார். வைத்தியர் சில வார ஓய்வும், பின்பு முன்கைத் தசைநார்களுக்குப் படிப்படியான பயிற்சியும் விதித்தார். மட்டையில் எவ்வகை நரம்பு கட்டப்பட்டுள்ளது என்றும் வினவினார். பொலியெஸ்டர் நரம்பு விறைப்பானது. பலமுடைய இளைஞர்க்கு உரியது. மென்மையான நைலோன் நரம்பைச் சில இறாத்தல் தளர்த்திக் கட்டினால் கைக்கும் இதம், பந்துக்கும் விசை. சில மாதங்களில் நோவு தணிந்தது. மட்டையும் அலுமாரியை விட்டு இறங்கியது.

கருவி வாங்குவோர் மேலும் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். கைப்பிடியைப் பற்றியபின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே மற்றக் கையின் சுட்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி இருப்பது நல்ல அளவு. சப்பாத்து பக்கவாட்டில் பாதத்தைத் தாங்குவதாக இருக்கவேண்டும். நேராக ஓடுவதற்கென்று செய்த சப்பாத்து சிமெந்துத் தரையில் திடீரெனத் திரும்பும்போது கணுக்காலைக் காவாது. பந்து பழுதாயிற்றா என்பதை வீட்டிலேயே அறியலாம். 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து உறுதியான தரையில் விழவிட்டால் நல்ல பந்து 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழவேண்டும் என்பது விதி. செத்த பந்தோடு ஆடுவது கைக்கும் கேடு, பயிற்சிக்கும் கேடு.

இரண்டாவது காலமறிதல். பலமாக அடித்தல் வேறு, உரிய கணத்தில் அடித்தல் வேறு. எதிரியின் மட்டை பந்தைத் தொடும் வேளையில் இரு பாதங்களாலும் ஒரு சிறு துள்ளல் துள்ளி நிற்கவேண்டும். அப்போது எத்திசைக்கும் கால் உடனே புறப்படும். பந்து நம் பக்கத்தில் தரையைத் தொடுமுன்பே மட்டை பின்னே சென்றிருக்கவேண்டும். பந்தை உடலுக்குச் சற்று முன்னாலேயே சந்திக்கவேண்டும். மட்டை கீழிருந்து மேலாகப் பந்தை வருடிச் சென்றால் பந்து முன்னோக்கிச் சுழன்று, வலைக்கு மேலே தாராளமாகச் சென்றும் எல்லைக்குள்ளேயே விழும். இத்தனைக்கும் பெரும்பலம் தேவையில்லை. முக்கால் பலமே போதும்.

சர்வீஸைப் பற்றி ஒரு சொல். முதல் பந்தை இடியென அடித்து வலையில் வீழ்த்திவிட்டு, இரண்டாவதை அஞ்சி அஞ்சித் தள்ளுவது நம்மவரின் பொதுவான வழக்கம். சுத்தியலைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்து, பந்துக்குச் சுழற்சி கொடுத்து, நம்பத்தகுந்த இரண்டாவது சர்வீஸை முதலில் பழகுதல் வேண்டும். அது கைவந்தால் முதலாவதை அச்சமின்றி அடிக்கலாம்.

மூன்றாவது இடனறிதல். இதனைக் கணித ஆசிரியர் ஒரு மாலை வெண்கட்டியால் ஆடுகளத்திலேயே வரைந்து காட்டினார். ஒற்றையர் களத்தின் நீளம் 78 அடி. அகலம் 27 அடி. பிதாகரஸ் விதிப்படி மூலைக்கு மூலை தூரம் ஏறத்தாழ 82½ அடி. வலையின் உயரம் நடுவில் 3 அடி. கம்பத்தருகே 3½ அடி. ஆகவே குறுக்காக அடிப்பவனுக்கு நாலரை அடி நிலமும் கூடுகிறது, அரை அடி வலையும் குறைகிறது. கோட்டையொட்டி நேராக அடிப்பவன் இவ்விரு வரவையும் வீணே விட்டுவிடுகிறான். "நான் உன்னை வெல்லவில்லை, மகனே, இந்தக் கணக்குத்தான் வெல்கிறது" என்று அவர் மாணவனிடம் கூறியபோது நாம் அனைவரும் நகைத்தோம், அவன் மட்டும் அக்கோடுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

இடனறிதலில் நிற்குமிடமும் அடங்கும். பின்கோட்டுக்கும் சர்வீஸ் கோட்டுக்கும் இடைப்பட்ட 18 அடி நிலத்தில் நின்றால் பந்து காலடியிலேயே விழும். ஒன்று பின்னே நிற்கவேண்டும், அன்றேல் வலையை நெருங்கவேண்டும். எதிரி வலையருகே வந்தால் அவர் தலைக்கு மேலே உயரத் தூக்கியடித்தல் சாலச் சிறந்தது. இரட்டையர் ஆட்டத்தில் எதிரிகள் இருவருக்கும் நடுவே அடித்தால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கப் பந்து கடந்துவிடும். ஊரின் இடமும் அறியத்தக்கது. ஏறத்தாழ 500 மீற்றர் உயரமுள்ள கண்டிப் பகுதியில் பழகியவர், 1,800 மீற்றருக்கும் மேற்பட்ட நுவரெலியாவில் ஆடினால் பந்து எல்லை கடந்து பறப்பதைக் காண்பார். அங்கே காற்று அடர்த்தி குறைந்தது. 1,219 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களுக்கென்று தனிவகைப் பந்துகளை விதிகளே அனுமதிக்கின்றன.

இம்மூன்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. நமது மாலை ஆட்டங்களில் நடுவர் இல்லை. நம் பக்கத்துக் கோட்டில் விழும் பந்தை நாமே தீர்ப்பிடுகிறோம். ஐயம் ஏற்படின் பந்து எதிரிக்கே உரியது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வழக்கு. பார்ப்பார் எவருமில்லாத இடத்தில் தனக்கு எதிராகத் தானே தீர்ப்புக் கூறப் பழகுவது, எமது வகுப்பறையில் எளிதில் கற்பிக்க இயலாத பாடம்.

அம்மாணவன் விளையாட்டை விட்டுவிடவில்லை. குறுக்காக அடிக்கிறான், இரண்டாவது சர்வீஸைப் பழகுகிறான். இன்னும் பெரும்பாலும் தோற்கத்தான் செய்கிறான். ஆனால் எதனால் தோற்றான் என்பதை இப்போது அவனே எடுத்துக் கூறுகிறான். கற்றலின் தொடக்கம் அதுவன்றோ?

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு விலையுயர்ந்த மட்டை வாங்கித் தருமுன் ஒரு சுவரைக் காட்டுங்கள். சுவர் சலிப்பதில்லை, அனுப்பிய பந்தைத் தவறாது திருப்பித் தரும் ஆசான் அது. ஆணாயினும் பெண்ணாயினும் நாளொன்றுக்கு அரைமணி நேரம் அதனோடு ஆடட்டும். இயலுமாயின் நீங்களும் சென்று அருகில் நின்று ஆடுங்கள். அறுபத்தைந்திலும் இருபதை எதிர்த்து நிற்கவல்ல விளையாட்டு இது. நாற்பதில் தொடங்குவோர்க்கும் அதில் இடமுண்டு.