தாங்குவதும் பற்றுவதும்

நான் செய்த மொழிபெயர்ப்புப் பிழை ஒன்று ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காற்றோடு அனுப்பிவிட்டது. ஓராண்டாக மனத்தில் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

களப்பணிக்காக மேகாலயத்தின் கிழக்குக் காஸி மலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்காரரைக் 'கொங்' என்று அழைப்பேன். காஸி மொழியில் அது 'அக்கா' என்பது போன்ற மரியாதை விளி. தாய்வீடு கடைசி மகளைச் சேரும் மரபுப்படி வீடும் சரிவான தோட்டமும் அவர் பொறுப்பு. சென்ற ஆண்டு குடைமிளகாய் பயிரிட ஒரு பசுமைக்குடில் வாங்கினார். வளைத்த இரும்புக் குழாய்கள், 200 மைக்ரான் நெகிழித்தாள், ஆங்கிலத்தில் ஒரு கையேடு. அதைப் படித்துச் சொல்வது என் வேலை.

ஒவ்வொரு குழாயடியிலும் 60 செ.மீ. ஆழத்துக்குக் கான்கிரீட் அடித்தளம் வேண்டும் என்றிருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறைக் காஸியில், 'மேலிருப்பதைத் தாங்குவதற்கு' என்று விளக்கினேன். கொங் குழாயை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு லேசானதைத் தாங்க அவ்வளவு ஆழம் எதற்கு?" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஓர் அடி ஆழத்துக்குக் குழாய்களை மண்ணில் அடித்து நிறுத்தினோம்.

பருவமழைக்கு முன், மார்ச் முதல் மே வரை இப்பகுதியில் வடமேற்குச் சூறை வீசும். ஏப்ரலில் ஓர் இரவு அது வந்தது. விடிந்தபோது குடில் கீழ்ச்சரிவில் முறுக்கிக் கிடந்தது. பூத்திருந்த செடிகள் மண்ணோடு படுத்திருந்தன. கொங் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேநீர் கொடுத்துவிட்டுக் குழாய்களைப் பொறுக்கப் போனார்.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடைக்கு ஈடானது. வளைந்த கூரையின் மேல் விரையும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கிறது. திறந்த வாசல் வழியே நுழையும் காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. வீட்டின் அடித்தளம் பாரத்தைத் தாங்குகிறது. பசுமைக்குடிலின் அடித்தளமோ, பறக்கத் துடிக்கும் ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டிய வினைச்சொல் அதுதான்.

இந்தப் பிப்ரவரியில் மீண்டும் தொடங்கினோம். இம்முறை மரத்தின் வேரைக் காட்டிச் சொன்னேன். கொங் உடனே தலையசைத்தார்.

12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்துக்கு முளையடித்து நூல் கட்டினோம். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் சரியாக 13 மீட்டர் வந்தால் மூலைகள் செங்கோணம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். சரிவின் கீழ்ப்புறம் நிரப்பு மண்ணாக இருந்ததால், கெட்டி மண் தட்டுப்படும்வரை அங்கே ஆழமாகத் தோண்டினோம். வாய் 30 செ.மீ., அடிப்புறம் அதைவிட அகலம். அப்போதுதான் சுற்றியுள்ள மண்ணும் சேர்ந்து பிடிக்கும். கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொள்ளாதபடி ஒவ்வொரு குழாயின் அடியிலும் குறுக்கே ஒரு போல்ட் செருகினோம். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. குழி ஒன்றில் இறங்கியது குறைந்தது 100 கிலோ. ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் காத்திருந்தோம். தாளின் விளிம்புகளைச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டிப் புதைத்தோம்.

பழந்தமிழில் 'கால்' என்ற சொல்லுக்குக் காற்று என்றும் பொருள் உண்டு. தூணுக்கும் அதே சொல்தான். முதுகலை வகுப்பில் ஒப்புருச் சொற்களுக்கு எடுத்துக்காட்டாக அதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு கால் இன்னொரு காலை எதிர்த்து நிற்பதன் பொருளைக் குழி தோண்டியபோதுதான் உணர்ந்தேன்.

சென்ற வாரம் சூறை வந்தது. இரவு முழுவதும் நானும் கொங்கும் அடுப்பருகே விழித்திருந்தோம். விடியலில் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தோம். ஒரு மூலையில் தாள் கிழிந்திருந்தது. பதினான்கு குழாய்களும் நின்ற இடத்தில் நின்றன. கொங் ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசிக் குழாயருகில் நின்று, "போன வருடம் நீ சொன்னதை நானும்தானே ஒத்துக்கொண்டேன்" என்றார்.

ஓராண்டாக அவர் அதைச் சொல்வதற்காகத்தான் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.