கிணறு நிறையத் தண்ணீர்

2004 டிசம்பர் 26. கடல் வந்துபோன பிறகும் கல்முனையில் எங்கள் கிணறு நிறையத் தண்ணீர்தான். உம்மா அதைக் கொதிக்கவைத்து, ஆறவைத்துத் தந்தா. வாயில் வைக்க முடியவில்லை. கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது. (இதை வகுப்பில் படிப்பிக்கிறவர்கள் நாங்கள்தான்!) இறைக்க இறைக்க உப்புக் கூடியது. பவுசர் வரும்வரை பிள்ளைகளுக்கு இளநீர்தான்.

இப்போது மாரிக்கு முன்பே நிரப்பி வைக்கிறோம். குடிக்க ஆளுக்கு நாளைக்கு 3 லீற்றர், மூன்று நாளைக்கு. ஏழு பேருக்கு 63 லீற்றர். கழுவிய சோடாப் போத்தலும் போதும், மண்ணெண்ணெய்க் கேன் மட்டும் வேண்டாம். மூடியை இறுக்கி, வெயில் படாமல், வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்கிறோம்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் மூத்தம்மாவுக்கும் சேர்த்துத்தான் நிரப்புகிறோம். பெரிய கேனை அவவால் தூக்க ஏலாது. அவவுக்குச் சின்னப் போத்தல்கள்.