சீதனமில்லாதவளும் விடனும்

மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் சித்தங் கலங்கியமையால், 1811 முதல் 1820 வரை அவனுடைய மகனே பதிலாளாக இங்கிலாந்தை ஆண்டான். அக்காலத்தைக் களமாகக் கொண்ட காதற் கதைகள் இன்றும் பெருந்தொகையாக வாசிக்கப்படுகின்றன. ஒருவர் கண்ணிலும் படாத பெண்ணொருத்தி, ஊரறிந்த விடனொருவனை அன்பினால் திருத்தி மணப்பது அவற்றிலே பெருவழக்கான கதைப்போக்கு. 1935இல் இத்துறையிற் புகுந்த ஜோர்ஜெற் ஹேயர் நகைச்சுவை மிளிர இவ்வகையை வளர்த்தார்.

அக்காலத்திலேயே வாழ்ந்த ஜேன் ஒஸ்ரின் 1814இல் வெளியிட்ட 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலிலோ கதை வேறுவிதமாய்ச் செல்கிறது. செல்வம் மிக்க பெரியம்மா வீட்டில் ஒதுங்கி வளரும் ஏழைப்பெண் ஃபனி பிறைஸ். ஹென்றி குறோஃபோட் என்பவன் பொழுதுபோக்காக அவள் மனத்தைக் கவர முனைந்து, தானே காதலில் அகப்பட்டுக்கொள்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள்.

இக்கதையை உடுப்பிட்டியில் மாணவி ஒருத்தி தன் அம்மம்மாவுக்குச் சொன்னாள். "பெட்டைக்குச் சீதனம் என்ன?" என்பதே அவரது முதற் கேள்வி. "ஒண்டுமில்லை" என்றதும், "அப்ப அவன் காசுக்கு வரேல்லை, கட்டியிருக்கலாமே" என்றார். இறுதியில் அவன் மணமான இன்னொருத்தியோடு ஓடிப்போனதைக் கேட்டதும், "பெட்டை கெட்டிக்காரிதான்" எனத் தீர்ப்பை மாற்றினார். ஃபனி பெரியம்மாவின் மகனையே மணந்தாள் என்றபோதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை: "ஐயோ, அவன் அண்ணன் முறையெல்லோ!"

அந்த முதற் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதன்று. ஒல்லாந்தர் 1706-1707இல் தொகுப்பித்து, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்ற தேசவழமையின்படி சீதனம் மனைவியின் உடைமையே. ஆயினும் சீதனக் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். இங்கிலாந்திலோ, தனியேற்பாடு இல்லாதவிடத்து, மனைவியின் பொருளிற் பெரும்பகுதி கணவன் கைக்கே சென்றது. 1882ஆம் ஆண்டுச் சட்டமே அந்நிலையை மாற்றியது. ஆகவே, விடனை நம்பிய செல்வக் குமரி மனத்தோடு முதலையும் பணயம் வைத்தாள்.

ஃபனிக்கு இழக்க முதலில்லை. இணங்கியிருந்தால் செல்வமே கிடைத்திருக்கும். அவளது மறுப்பின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது. வளர்த்த பெரியப்பா நன்றிகெட்டவள் எனக் கடிந்தார். வறிய தாய்வீட்டுக்கும் அனுப்பிவைத்தார். அவள் அசையவில்லை.

விடன் திருந்துவான் என்னும் நம்பிக்கை கதைக்கு இனிமை தருவது உண்மையே. ஆனால், அவனைத் திருத்தும் பொறுப்புப் பெண்ணின் தலையிலேயே சுமத்தப்படுகிறது. நமது மருதத்திணைத் தலைவியும், பரத்தையிடமிருந்து மீள்பவனுக்கு முதலில் வாயில் மறுக்கிறாள். பின்னர் ஊடல் தணிந்து ஏற்றுக்கொள்கிறாள். ஃபனியோ வாயிலைத் திறக்கவேயில்லை.