மூணு சிலிண்டரும் ஒரு மாமனாரும்

கார் வாங்கிய நாற்பதாவது நாள், மாமனாரை அதில் ஏற்றிக்கொண்டு குன்னூர் போவதென்று முடிவானது. முடிவெடுத்தது என் மனைவி. கவலைப்பட்டது நான்.

கவலைக்குக் காரணம் உண்டு. மாமா இருபத்தேழு வருஷம் மேட்டுப்பாளையம் - ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்து பஸ்களில் இஞ்சின், டிரைவருக்கு இடது பக்கத்திலேயே ஒரு மூடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த சகவாசத்தில் இடது காது சுத்தமாகப் போச்சு. இடுப்பெலும்பில் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே இருக்கிற ஜவ்வும் நசுங்கிப் போச்சு. ஆறு மாசமாக பஸ் ஏறவில்லை. அவருடைய பழைய கண்டக்டர் குன்னூரில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். பார்த்தே ஆகவேண்டும் என்கிறார் மாமா. "குலுங்காத வண்டியா இருந்தா போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

குலுங்காத வண்டி! என் வண்டிதான் குலுங்கிக்கொண்டிருந்ததே!

ஹைப்ரிட் கார் ஸார் அது. பெட்ரோல் இஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. எப்போது எது உழைக்க வேண்டும் என்பதைக் காரே தீர்மானிக்கும். 1997 டிசம்பரில் டொயோட்டாக்காரர்கள் ஜப்பானில் 'ப்ரியஸ்' என்று ஆரம்பித்து வைத்த சமாசாரம், கால் நூற்றாண்டு தாண்டி என் மாதத் தவணைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. "எலெக்ட்ரிக் மாதிரி ஸ்மூத் ஸார்" என்று சத்தியம் செய்தான் விற்ற பையன். சிக்னலில் நிற்கும்போது உண்மைதான். பக்கத்து ஸ்கூட்டர்காரர் போனில் வாங்குகிற திட்டுகூடத் தெளிவாகக் கேட்கும். ஆனால் ரோட்டில் போகும்போது ஸீட்டில் ஒரு உதறல். ஸ்டியரிங்கில் ஒரு கிறுகிறுப்பு. டம்ளர் வைக்கும் குழியில் போட்டிருந்த சில்லறை கிணிகிணி கிணிகிணி...

சர்வீஸில் போய்க் கேட்டேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மூணு சிலிண்டர் ஸார், அப்படித்தான் இருக்கும்."

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும், சிலிண்டர் தெரியாது. ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நாலு சிலிண்டர் இஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடி. மூணு சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒன்றுதான். நிமிஷத்துக்கு 1000 சுற்று என்று வைத்துக்கொண்டால், முன்னது விநாடிக்கு 33 தடவை வெடிக்கும், பின்னது 25. வெடி நெருக்கமாக விழுந்தால் உடம்புக்கு மழமழவென்று இருக்கும். இடைவெளி கூடினால் தட்டுத் தட்டாகத் தெரியும். போதாக்குறைக்கு, மூணு சிலிண்டர் இஞ்சின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக சீஸா ஆடப் பார்க்கும். அதை அடக்கத்தான் ரப்பர் மவுண்டிங். ஆக, சர்வீஸ்காரர் சொன்னது நியாயமே என்று தீர்ப்பெழுதி ஃபைலை மூடிவிட்டேன்.

காலை ஆறு மணிக்குக் கோயமுத்தூரில் கிளம்பினோம். முன் ஸீட்டில் மாமா, முதுகுக்குத் தலையணை. பின்னால் மனைவி, இட்லி. துடியலூர் தாண்டி ரோடு கொஞ்சம் காலியானதும் கவனித்தேன்: மாமா உள்ளங்கையை டேஷ்போர்டின் மேல் அப்பி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். காது போனவருக்குக் கைதான் ஸ்டெதாஸ்கோப் போலிருக்கிறது.

"மாப்ளை, இஞ்சின் நின்னு போச்சுங்களா?"

"ஆமாங்க மாமா. இப்ப பாட்டரியில ஓடுது." மீட்டரில் பச்சை விளக்கைக் காட்டினேன், பெருமையாக.

"சுத்தமா நின்னு போச்சுங்?"

"சுத்தமா."

கையை எடுத்தார். ஸீட்டின் விளிம்பைப் பிடித்துப் பார்த்தார். வலது காதை என் பக்கம் திருப்பி, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "அப்புறம் இந்த உதறல் எங்கிருந்துங்க வருது?"

ஸார், எனக்கு வேர்த்துவிட்டது. நாற்பது நாள்! மற்ற கார்களில் ஓடும்போது இஞ்சினை நிறுத்திப் பார்க்க முடியாது. இந்த வண்டியோ ஒரு நாளைக்கு நூறு தடவை தானாகவே நிறுத்தி, 'நான் இல்லைப்பா, நான் இல்லைப்பா' என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் மைலேஜைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

காரமடையில் ஒரு பங்க்சர் கடை. மாமாவால் குனிய முடியாது. கைத்தடியை ஊன்றி நின்றபடியே, "நாலுலயும் காத்துப் பாரு சாமி" என்றார். பையன் வைத்துப் பார்த்தான். 46, 46, 45, 46. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கிற சீட்டில் போட்டிருந்தது 33.

"புது வண்டி லாரியில வரும்போது காத்தைத் தூக்கலா அடிச்சு உடறதுண்டுங்க. நம்ம கையில குடுக்கறப்ப எறக்கோணும். மறந்துட்டாங்க" என்றார் மாமா. பையனிடம், "டயர் சூட்டுல இருக்குது. முப்பத்தாறு வெச்சு உடு. ஆறினா சரியா நிக்கும்."

செலவு இருபது ரூபாய். அதையும் மாமாவே கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் மேட்டுப்பாளையம் வரை ஓட்டியது வேறு வண்டி. கல்லுமாதிரி இருந்த டயர் இப்போது ரோட்டின் சின்னச் சின்ன நொடிசலைத் தானே விழுங்கிக்கொண்டது. கிணிகிணி நின்றது. இஞ்சின் கிளம்புகிற நேரத்தில் மட்டும், பூனை தும்மின மாதிரி ஒரு சின்ன சிலிர்ப்பு மிச்சமிருந்தது. அதுதான் அசல் மூணு சிலிண்டர். அதுவும் பெரிதாகத் தெரியாததற்குக் காரணம், மோட்டார் முதலில் இஞ்சினைச் சுற்றிவிட்டு வேகம் பிடித்த பிறகுதான் பெட்ரோல் போகிறது. மாமா அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்று அனுமதி கொடுத்தார்.

மலை அடிவாரத்தில் இ-பாஸ் காட்டினோம் (2024 மே மாதம் கோர்ட் உத்தரவால் வந்தது, மாமா காலத்தில் யானைக்கு மட்டும்தான் நின்றிருக்கிறார்). கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் வண்டியின் குணம் மாறியது. இஞ்சின் மிக்ஸி மாதிரி ஊளையிடுகிறது. வண்டி போவதோ முப்பது கிலோமீட்டரில். சத்தத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கும் கணக்கு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 1500 மீட்டர் உயரம். வண்டி, நாங்கள், தலையணை, இட்லி எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன். அதை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஏறக்குறைய ஆறு யூனிட் மின்சாரம் வேண்டும். என் பாட்டரி முழுசாக ஒரு யூனிட்கூடக் கொள்ளாது. மாசக் கடைசி பாங்க் அக்கவுண்ட்! ரெண்டு வளைவிலேயே காலி. அப்புறம் எல்லாம் இஞ்சின் தலையில்தான்.

வண்டியில் கியர் பெட்டி என்று வழக்கமானது கிடையாது. நடுவில் 'சூரிய'ப் பல்சக்கரம், அதைச் சுற்றும் 'கிரக'ங்கள், வெளியே ஒரு வளையம். இஞ்சினும் இரண்டு மோட்டார்களும் இதில் ஆளுக்கொரு பக்கம் கோத்துக்கொண்டு பங்கு பிரித்துக்கொள்ளும். இஞ்சின் தனக்குச் சௌகரியமான வேகத்தில் நின்று கத்தும். பல்சக்கரம் இந்த மலைக்குப் புதுசு இல்லைதான். 1899-ல் குன்னூர் வரை வந்த ரயில், பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற இடத்தில் தண்டவாளத்து நடுவே பல் பதித்துக்கொண்டுதான் ஏறுகிறது.

மாமாவுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. அவர் வேறொரு வேலையாக இருந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் அவருடைய இடது கை, கதவுப் பக்கம், காற்றில் கியரைத் தேடியது. கால் கிளட்சை மிதித்தது. வளைவு முடிந்ததும் கை மடிக்குத் திரும்பியது. பின்னால் என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பர்லியாறில் டீ. மாமா இறங்கி, நிமிர்ந்து, பத்தடி நடந்தார். "எப்படிங்க இருக்கு இடுப்பு?" என்றேன். பதில் சொல்லாமல் ஒரு கிலோ மங்குஸ்தான் பேரம் பேசினார். இடுப்பு நன்றாக இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

குன்னூரில் அந்தக் கண்டக்டரின் வீடு, ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே. பிடித்துப் பிடித்து இறக்கினோம். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. ஒருவருக்குக் குரல் எழும்பவில்லை, ஒருவருக்குக் காது கேட்கவில்லை. மாமா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார், காலையில் டேஷ்போர்டில் வைத்த அதே மாதிரி. ஒரு மணி நேரம். கிளம்பும்போது அந்த மனுஷர் உதட்டைக் குவித்து இரண்டு தடவை ஊதினார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு விசில் என்றால் 'போலாம் ரைட்'. மாமா எழுந்துவிட்டார்.

இறக்கத்தில் கொஞ்ச தூரம் பரம சுகம். பிரேக்கை மிதிக்க மிதிக்க மோட்டார் ஜெனரேட்டராகி, பாட்டரி நிரம்பியது. நாலைந்து கிலோமீட்டரில் நிரம்பியும் விட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா, மறுபடி ஊளை! பெட்ரோல் போகாமலே இஞ்சினைச் சுற்றவிட்டு, வண்டி தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மாமா கையை வைத்துப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"இது நம்ம செகண்ட் கியருங்க, மாப்ளை."

மேட்டுப்பாளையம் வரும்வரை வேறு பேச்சில்லை. தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். ஊர் எல்லையில் திடீரென்று கேட்டார்.

"ஸ்டெப்னியில காத்து எவ்வளவுங்க?"

வண்டியை ஓரம் கட்டினேன்.