மூன்று நாள் அட்டவணை

கால அட்டவணை போடுவது என் தொழிலோடு ஒட்டிவிட்ட பழக்கம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், பாடத் தயாரிப்பில் ஐந்து நிமிடம் வெற்றிடமாக விட்டிருந்தால், “அந்த ஐந்து நிமிடத்தில் மாணவன் என்ன செய்வான்?” என்று விரிவுரையாளர் கேட்பார். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. ஆகவே, 2024ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் என் அக்காளை மூன்று நாள் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்வது என்று முடிவானதும், நான் முதலில் கையில் எடுத்தவை கோடிட்ட தாளும் அடிக்கோலுமே.

அக்காள் எனக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், ஆறாம் ஆண்டு முடித்த கையோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பதினான்கு வயதில் பால்வெட்டுக்குப் போனார். அப்பா காலமானபோது எனக்கு வயது எட்டு. அதன்பின் என் பள்ளிச் சீருடையும், பேருந்துக் காசும், பிற்காலத்தில் பயிற்சிக் கல்லூரிக்கு நான் கொண்டு சென்ற தகரப் பெட்டியும் அவருடைய வாளியிலிருந்து வந்தவை. தோட்டம் செம்பனைக்கு மாறும் வரை அவர் மரம் வெட்டினார். பத்துமலைத் தைப்பூசமும் உறவினர் திருமணங்களுமே அவர் கண்ட வெளியூர்கள். எங்கேயாவது போக வேண்டும் என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நகரங்களைச் சுற்றிப் பார்ப்பவர்க்கு இக்காலத்தில் ஒரே சீட்டில் பல இடங்களுக்கு அனுமதி தரும் வசதி உண்டு. அது இரு வகைப்படும். இத்தனை இடங்கள் என்று எண்ணிக்கை வைத்து விற்பது ஒன்று; இத்தனை நாளுக்குள் எத்தனை இடம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள் என்பது மற்றொன்று. வாங்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில சீட்டுகள் முதல் இடத்தில் நுழைந்த மணியிலிருந்து நேரத்தை எண்ணும். சில, நாள்காட்டியின் நாளைக் கணக்கிடும். பின்னதை மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் ஒரு முழு நாள் கரைந்துவிடும். நான் ஐந்து இடங்களுக்குரிய எண்ணிக்கைச் சீட்டை வாங்கினேன். மரினா வளைகுடாப் பூந்தோட்டத்தின் இரு கண்ணாடிக் கூடங்கள், ஆற்றில் படகு உலா, விலங்குத் தோட்டம், செந்தோசாவுக்குச் செல்லும் கம்பிவட ஊர்தி, மேல்தளம் திறந்த ஈரடுக்குப் பேருந்து. தனித்தனியே வாங்கும் விலையோடு ஒப்பிட்டு, ஆளுக்கு எவ்வளவு மிச்சம் என்று தாளின் ஓரத்தில் எழுதி இருமுறை அடிக்கோடிட்டேன். இந்த ஐந்தில் எவற்றை நாம் சீட்டு இல்லாவிட்டாலும் பார்த்திருப்போம் என்பதே அடிப்படைக் கணக்கு. அந்தக் கணக்கை நான் போடவில்லை. என் பள்ளி மாணவன் இப்படிச் செய்திருந்தால் அவன் பயிற்சி ஏட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன்.

தங்குவிடுதிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாறின என்பதை இன்றைய மாணவர்க்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் திட்டமிட்டபோது, அங்குள்ள ஒரு வெள்ளிக்கு இங்கே மூன்றுக்கு மேல் எண்ணி வைக்க வேண்டியிருந்தது. அதன் மேல், விடுதி விலையின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் நிற்கும். ஒன்று பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணம். மற்றொன்று 2024 தொடக்கத்திலிருந்து ஒன்பது விழுக்காடாக உயர்ந்த பொருள் சேவை வரி. விடுமுறைக் காலமாதலால் விலையும் ஏறியிருந்தது. கோயிலும் சாப்பாட்டுக் கடைகளும் அருகில் இருக்க வேண்டும் என்று தேக்கா வட்டாரத்தில் தேடினேன். கடைசியில் இரு கட்டில் கொண்ட ஓர் அறை கிடைத்தது. விலை மற்றவற்றினும் குறைவு. அறையைப் பற்றிய விவரத்தில் ஒரு சிறிய வரி, அந்த அறைக்குச் சன்னல் இல்லை என்று சொன்னது. அதைப் படித்தேன். உறங்கத்தானே போகிறோம், உறங்குபவனுக்குச் சன்னல் எதற்கு என்று எண்ணிப் பணத்தைக் கட்டினேன்.

மனைவிக்கு விடுப்புக் கிடைக்காததால் நாங்கள் இருவர் மட்டுமே புறப்பட்டோம். சிங்கப்பூருக்குள் நுழைவோர் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய மின்னியல் வருகை அட்டையை நானே இருவருக்கும் நிரப்பினேன். ஈப்போவிலிருந்து இரவுப் பேருந்து. ஒரு விடுதி இரவின் செலவு மிச்சம் என்று அதையும் தாளில் எழுதியிருந்தேன். விடியுமுன் ஜோகூர்க் கடற்பாலத்தை அடைந்தோம். 1924இல் திறக்கப்பட்ட பாலம். அதற்கு அவ்வாண்டு நூறு வயது நிரம்பியிருந்தது. ஒரு கிலோமீட்டர் அளவுள்ள அந்தப் பாலத்தின் இரு கரையிலும் இறங்கி, பையைத் தூக்கி, வரிசையில் நின்று, மீண்டும் ஏற வேண்டும். அக்காளின் வலது முழங்கால் சில ஆண்டுகளாகவே சரியில்லை. அவருடைய பையை நான் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார்.

காலை எட்டு மணிக்கு விடுதியை அடைந்தோம். அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். இது எல்லா விடுதிகளிலும் உள்ள வழக்கம். எனக்கும் தெரிந்ததே. ஆயினும் என் அட்டவணையில் அந்த ஏழு மணி நேரம் வெறுமையாக இல்லை. கண்ணாடிக் கூடங்கள் அதில் நிரம்பியிருந்தன. இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த ஒரு மூதாட்டியை, முகம் மட்டும் கழுவவைத்து, அப்படியே அழைத்துச் சென்றேன்.

குளிரூட்டிய அக்கூடங்களுள் ஒன்றில் முப்பத்தைந்து மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கைக் குன்று, அதிலிருந்து கொட்டும் அருவி. அக்காள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “தண்ணிக்குப் பணம் கட்டணும் இல்ல?” என்று மட்டும் கேட்டார். மாலையில் படகு. இரவு 7.45க்கு அந்தப் பூந்தோட்டத்தின் மாபெரும் இரும்பு மரங்களில் இசையோடு விளக்குகள் மின்னும் காட்சியைக் கண்டோம். அதற்குக் கட்டணமே இல்லை. அன்றைய நாளில் அக்காள் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

அன்றிரவு இரண்டு மணியளவில் விழித்தேன். குளியலறை விளக்கை எரியவிட்டு, கதவைப் பாதி திறந்து வைத்து, அந்த வெளிச்சக் கீற்றில் கட்டில் விளிம்பில் அக்காள் உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது.

“மணி என்ன தம்பி? விடிஞ்சதா இல்லையான்னு தெரிய மாட்டேங்குது.”

பால்வெட்டுக்காரர்கள் கடிகாரம் பார்த்து எழுபவர்கள் அல்லர். லயத்து வீட்டுப் பலகைச் சன்னலைத் தள்ளி, இருட்டின் அடர்த்தியைக் கண்டே பெரட்டுக்கு நேரமாயிற்றா என அறிவார்கள். மழை தூறுகிறதா, மரம் காய்ந்திருக்கிறதா, இன்று வெட்டு உண்டா என்பதும் அந்தச் சன்னல் வழியாகத்தான் தெரியும். இதை நான் அறியாதவன் அல்லன். அந்தச் சன்னலடியில் பாய் விரித்து உறங்கியவனே நான். “இரண்டுதான் ஆகிறது, படுங்கள்” என்றேன். படுத்தார். உறங்கினாரா என்பதை நான் கேட்கவில்லை.

மறுநாள் விலங்குத் தோட்டம். வெயில் ஏறி, நடை நீண்டு, நண்பகலில் ஒரு நிழல் இருக்கையில் அக்காள் அமர்ந்துவிட்டார். நான் கைப்பேசியை எடுத்துக் கம்பிவட ஊர்தி நிலையத்துக்குச் செல்லும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குள் அங்கே இருந்தால் ஐந்து மணிக்கு ஈரடுக்குப் பேருந்தைப் பிடித்துவிடலாம். சீட்டில் ஐந்தும் முடிந்துவிடும்.

“இன்னும் எத்தனை மரம் பாக்கி தம்பி?” என்றார் அக்காள்.

அவர் கேலி செய்யவில்லை. வாய் தவறி வந்த சொல். அவருடைய நிரையில் ஐந்நூறு மரங்களுக்கு மேல் இருந்தன. வெயில் ஏறுமுன் அத்தனையும் வெட்டி முடித்தாக வேண்டும். வெட்டியபின் திரும்பி வந்து மங்கு மங்காகப் பாலெடுக்க வேண்டும். கடைசி வரிசையில் நிற்கும்போது பக்கத்து நிரைக்காரியிடம் அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. தண்டல் பார்க்க வருமுன் பாக்கி வைக்கக் கூடாது என்பதற்காகக் கேட்பது. மூன்று நாள் ஓய்வு என்று அழைத்து வந்து, நானும் அவருக்கு ஒரு நிரை அளந்து கொடுத்திருந்தேன். கையில் தாள் வைத்துக்கொண்டு நான் எதிரில் நின்ற கோலமும் தண்டலின் கோலமே.

“இரண்டு இருக்கிறது. அது வேண்டாம்” என்றேன்.

“பணம் கட்டினது தானே?”

“கட்டியதுதான்.”

அவர் எழுந்திருக்க முயன்றார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். இருவரும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த இருக்கையிலேயே இருந்தோம். எதிரே குரங்குகள் இருந்தன. அக்காள் பழைய தோட்டத்துக் குரங்குகளைப் பற்றிப் பேசினார். கட்டிப்பாலைப் பிய்த்துக்கொண்டு ஓடிய ஒரு குரங்கைப் பற்றி. அந்தக் கதையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கே அக்காள் குளித்துத் தயாராகிவிட்டார். அந்த அறையில் இனியும் அவரை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. அந்நேரத்தில் சிங்கப்பூரில் திறந்திருக்கும் இடம் எது என்று யோசித்தபோதுதான், பழைய சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்கா நினைவுக்கு வந்தது. காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். உள்ளிருக்கும் ஆர்க்கிட் தோட்டம் தவிர மற்றவற்றுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததால் என் சீட்டில் அது இல்லை. சீட்டில் இல்லாததால் என் அட்டவணையிலும் இல்லை. நாங்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து ரயிலில் மூன்றாவது நிறுத்தம். இரண்டு நாளாக நான் நகரின் நான்கு மூலைக்கும் அவரை இழுத்தடித்திருந்தேன்.

1859இல் அமைக்கப்பட்டு, 2015இல் உலக மரபுடைமைத் தலமாக ஏற்கப்பட்ட பூங்கா அது. ஆனால் நாட்டுவளப் பாடம் நடத்தும் நம்மவர்க்கு அதன் சிறப்பு வேறு. பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளில் முளைத்த இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் 1877இல் இங்கேதான் வந்து இறங்கின. அவற்றுள் ஒன்பது எங்கள் கோலகங்சாருக்கு வந்தன. அக்காலத்து மரம் எனச் சொல்லப்படும் ஒன்றை அங்கே என் மாணவர்க்கு நான் காட்டியிருக்கிறேன். 1888இல் இப்பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பார், மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை நாள்தோறும் புதுப்பித்துப் பாலெடுக்கும் முறையை இங்கே வகுத்தார். சட்டைப் பையில் விதைகளை வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களை ரப்பர் பயிரிடச் சொல்லி நச்சரித்ததால் அவரைப் பித்தர் என்றார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் காடுகள் அழிந்ததும், மரங்கள் நிமிர்ந்ததும், கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்து இறங்கியதும் நாம் அறிந்தவை.

இருள் இன்னும் பிரியவில்லை. புல்லில் பனியின் ஈரம் இருந்தது. அக்காள் மூச்சை ஆழ இழுத்து, “வெட்டு நேரம்” என்றார். அதன்பின் அவரை நான் அழைத்துச் செல்லவில்லை. அவர் முன்னே நடந்தார். ரப்பர் மரத்தை நான் தேடுமுன் அவரே கண்டுகொண்டார். அரையிருட்டில், இலை பார்க்காமல், பட்டையில் உள்ளங்கையை வைத்தே சொன்னார்.

உடற்பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சீன மூதாட்டியும் அவருடைய பேரனும் எங்களைப் பார்த்து நின்றார்கள். அக்காள் மரத்தைத் தடவுவதைக் கண்டு மூதாட்டி மலாய் மொழியில் ஏதோ கேட்டார். அக்காளும் மலாயில் பதில் சொன்னார். அந்தச் சிறுவனைப் பக்கத்தில் அழைத்தார். சுட்டுவிரலையே உளியாக வைத்துப் பட்டையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. பால் நரம்பு நேராக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் நரம்புகள் நிறைய அறுபடும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிஞ்சினால் மரத்தின் எலும்பில் பட்டுவிடும், பிறகு அங்கே முடிச்சு விழும், அடுத்து வெட்டுபவர்க்கு அந்த இடம் பயன்படாது. மூதாட்டி அதைச் சீனத்தில் பேரனுக்குச் சொன்னார். சிறுவன் தானும் விரலால் இழுத்துப் பார்த்தான். சாய்வு போதவில்லை. அக்காள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தி, மீண்டும் ஒருமுறை இழுக்கச் செய்தார்.

பயிற்சி ஆசிரியர்களின் கற்பித்தலைப் பல ஆண்டுகள் பின்வரிசையில் அமர்ந்து மதிப்பிட்டவன் நான். அன்று நான் நின்ற இடமும் பின்வரிசையே. ரிட்லியைப் பற்றி அவரிடம் சொல்லலாம் என்று வழியெல்லாம் எண்ணி வந்தேன். பேருந்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை ஊர் திரும்பும் பேருந்து கடற்பாலத்தில் நெரிசலில் நின்றபோது, கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. இன்னும் இரண்டு இடங்கள் பயன்படுத்தப்படாமல் உள்ளன, இன்றோடு காலாவதியாகும் என்றது. அக்காள் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் சற்று நேரம் வெளியே ஜோகூர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த தடவை,” என்றார், “சன்னல் இருக்கிற ரூமாப் பாரு தம்பி.”

அடுத்த தடவை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை.