மூடிய வாயில்

"இப்போது நுழைவு இல்லை." இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாயிலிலே இப்படியோர் அறிவிப்பு. மூணாற்றிலிருந்து, பிப்ரவரிக் குளிரையும் பாராமல், ஆவலோடு சென்ற நாம் திகைத்து நின்றோம். உடன் வந்த தோழர் கொதித்தார்: "இங்குமா நமக்குத் தடை?"

அந்தக் கொதிப்பு நமக்குப் புரியாததன்று. இம்மலை, அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் இருந்த மண். அதே அரசின் ஆட்சியிலேதான், வைக்கத்துக் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கலாகாது என்று மனிதனை மனிதன் தடுத்தான். அந்தத் தடையைத் தகர்க்கத்தான் 1924இல் பெரியார் அங்கே சென்றார், சிறை புகுந்தார். தடை என்றதும் நம் நெஞ்சு நெருப்பாவதில் வியப்பென்ன?

ஆனால் தோழர்களே, எல்லாத் தடையையும் எதிர்ப்பதன்று பகுத்தறிவு. ஏன் இந்தத் தடை, யாருக்கு இந்தத் தடை என்று கேட்பதே பகுத்தறிவு. கேட்டோம்.

காவலர் சொன்னார்: "வரையாடு குட்டி ஈனும் காலம் ஐயா." தாய் பெரும்பாலும் ஈனுவது ஒரே குட்டி. கூட்டமும் கூச்சலும் கண்டு தாய் மிரண்டோடினால், பாறைச் சரிவிலே அந்தப் பச்சிளம் குட்டிக்கு யார் துணை?

அவ்வேளை பளபளப்பான கார் ஒன்று வந்து நின்றது. உள்ளிருந்தவர் பெரிய மனிதர் ஒருவரின் பெயரைச் சொன்னார். காவலர் தலையசைத்தார்: "யாராயினும் இல்லை." நம் தோழரின் முகம் மலர்ந்தது!

ஒரு காலத்தில் இது தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களின் வேட்டைக்காடு. வழிகாட்ட மலைமகன் முதுவன். சுட்டு மகிழத் துரை! 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. 97 சதுர கிலோமீட்டர்ப் பரப்பிலே, பார்வையாளர் செல்வதற்கென ராஜமலைப் பகுதி மட்டும். அதுவும் ஈனுங்காலத்தில் மூடப்படும். அன்று துரைக்கு மட்டும் திறந்திருந்த மலை, இன்று கட்டணச் சீட்டு வாங்கும் எவருக்கும் திறக்கிறது. மூடும்போதும் எல்லோருக்கும் மூடுகிறது. இதுவன்றோ சமநீதி! தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. அதன் குட்டிக்காகச் சில வாரம் காத்திருப்பது நமக்கு இழுக்கா?

பிறப்பைக் கேட்டு மூடும் கதவு ஒன்று. பிறப்பைக் காக்க மூடும் கதவு மற்றொன்று. முன்னதை உடைப்போம். பின்னதன் முன்னே பொறுத்திருப்போம்.

திரும்பி நடந்தோம். "குட்டிகள் வளரட்டும், பிறகு வருவோம்" என்றார், சற்று முன் கொதித்த அதே தோழர்.